மணக்காத வாயு: குளிர்நாட்டு வாடகை வீட்டில் முதலில் தேட வேண்டிய குழாய்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் புறப்படும் நம் மாணவரின் பெட்டியில் என்ன இருக்கும் என்பதை எளிதில் சொல்லிவிடலாம். தடித்த குளிர்ச்சட்டை, அம்மா இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள், காய்ச்சல் மாத்திரை, சான்றிதழ்களின் நகல்கள். குளிரைப் பற்றி அறிவுரை சொல்ல உறவினர் பலர் வருவார்கள். ஆனால், போய்ச் சேரும் வீட்டை இரவு முழுவதும் சூடாக வைத்திருக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பந்திங்கிலும் கிள்ளானிலும் வளர்ந்தவர்களுக்கு வீட்டைக் குளிர வைப்பதுதான் கவலை. சூடாக்குவது எப்படி என்று நாம் யோசித்ததே இல்லை.

கனடாவில் அந்த இயந்திரத்தின் பெயர் ஃபர்னஸ். பெரும்பாலும் வீட்டின் நிலவறையில், அதாவது பேஸ்மெண்டில், ஒரு சிறு அறைக்குள் நிற்கும். எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் ஊதி அனுப்பும். பிரிட்டனில் பாய்லர், அது நீரைச் சூடாக்கிச் சுவரோரம் நிற்கும் இரும்புப் பலகைகளுக்குள் ஓட விடும். மெல்பர்னிலும் எரிவாயு சூடேற்றிகள் உள்ள வீடுகள் ஏராளம். பெயர்களும் வடிவங்களும் மாறினாலும் வீட்டுக்குள் ஒரு நெருப்பு எரிகிறது, அதன் கழிவுப்புகை ஒரு குழாய் வழியே வெளியேறுகிறது என்பது மாறாது. வாடகை குறைவு என்பதால் மாணவர்கள் தங்கும் இடமோ பல வேளைகளில் அந்த நிலவறையேதான்; ஃபர்னஸுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கதவு மட்டும்.

எரிவாயுவைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. சமையலறைத் தோம்பில் கசிவு என்றால் மூக்கு சொல்லிவிடும். அந்த நாற்றம் வாயுவின் சொந்த மணமன்று. கசிவை மனிதர் உணர வேண்டும் என்பதற்காகவே கந்தகம் கலந்த ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். தோம்பில் உள்ள புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை, தரையோடு படியும். குளிர்நாடுகளில் குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன், அது இலேசானது, மேலே எழும். இரண்டிலும் நாற்றம் உண்டு. ஆகவே ‘கேஸ் நாறினால் ஆபத்து, நாறாவிட்டால் பயமில்லை’ என்ற பாடம் சிறுவயதிலேயே நம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஃபர்னஸ் உள்ள வீட்டில் இந்தப் பாடத்தின் பின்பாதி உதவாது. மீத்தேன் போதிய காற்றோடு எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். காற்று குறைந்தாலோ, புகை வெளியேற வழியின்றித் திரும்பி நெருப்பையே மூச்சுத் திணறச் செய்தாலோ கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். நுரையீரல் இயங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், சோர்வு என்று தொடங்குவதால் சளிக்காய்ச்சல் என்றே எண்ணத் தோன்றும். வேறுபாடு காட்டும் தடயங்கள் சில உண்டு. காய்ச்சல் இருக்காது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் வரும். வகுப்புக்குப் போனால் தெளிந்துவிடும், அறைக்குத் திரும்பினால் மறுபடி தலை கனக்கும்.

நம் நாட்டுக்கும் இந்த வாயு புதிதன்று. காரை இயங்கவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உறங்கியவர்கள் மீண்டும் விழிக்காத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வெள்ள நாட்களில் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டினாலும் இதே ஆபத்துதான். ஆனால் நம் தாமான் வீடுகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சன்னலுக்கு மேலே துளைக்கற்கள், சமையலறைக்குப் பின்னால் திறந்த கொல்லை என்று எப்போதும் காற்று வந்துபோகும். குளிர்நாட்டு வீடு அப்படியில்லை. சூடு வெளியேறாதபடி ஒவ்வொரு இடுக்கையும் அடைத்துக் கட்டியிருப்பார்கள். அங்கே புகைக்குழாய்தான் வீட்டின் மூக்கு.

அந்த மூக்கு அடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் கனடா 2008 டிசம்பரில் கண்டது. ஒண்டாரியோ மாநிலத்தின் வுட்ஸ்டாக் நகரில் லோரி ஹாக்கின்ஸ் என்ற போலீஸ் அதிகாரியும் அவர் கணவரும் இரு பிள்ளைகளும் வீட்டிலேயே கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளானார்கள்; நால்வரும் இறந்தனர். எரிவாயுக் கணப்பின் புகைக்குழாய் அடைபட்டிருந்தது. வீட்டில் அந்த வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி இல்லை. கட்டாயச் சட்டம் வேண்டும் என்று அவருடைய உறவினர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சட்டமன்றம் 2013-இல் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி எரிபொருள் எரியும் கருவியுள்ள வீடுகளில் உறங்கும் இடத்துக்கு அருகே எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். 2014 அக்டோபரில் விதி நடைமுறைக்கு வந்தது. டொரொண்டோவும் ஸ்கார்பரோவும், அதாவது தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகள், இந்தச் சட்டத்தின் கீழ் வருபவையே.

நீராவியிலிருந்து பிழிந்தெடுக்கும் சூடு

இன்றைய ஃபர்னஸ்கள் பழையவை போல் இல்லை. இட்லிச் சட்டியைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிநீரைவிடக் கொடுமையாகச் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆவி மீண்டும் நீராகும்போது தன்னுள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தை விட்டுவிடுவதுதான் காரணம். பழைய ஃபர்னஸ், புகையோடு சேர்த்து அந்த ஆவியையும் வானத்துக்கு அனுப்பிவிடும். 16 கிராம் மீத்தேன் எரிந்தால் 36 கிராம் நீர் உண்டாகும் என்பது வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். எரிபொருளின் மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது.

உயர்திறன் ஃபர்னஸில் இரண்டாவதாக ஒரு வெப்பமாற்றி இருக்கும். அதன் வழியே போகும் புகை ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்து, தே ஐஸ் குவளை வேர்ப்பது போல வேர்க்கும். அந்த வேர்வையில்தான் மிச்ச வெப்பம் கிடைக்கிறது. புதிய வீட்டு ஃபர்னஸ்களின் திறன் குறைந்தது 90 விழுக்காடு இருக்க வேண்டும் என்று கனடா 2010-இல் விதித்தது. 2019-இல் அதை 95 ஆக உயர்த்தியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 முதல் புதிய பாய்லர்கள் பொதுவாக இந்த வகையே.

வெப்பத்தை எல்லாம் பிழிந்தெடுத்த பிறகு வரும் புகை இளஞ்சூடாகவே இருக்கும். சூடான புகை செங்கல் புகைப்போக்கியில் தானாக மேலே ஏறும்; இது ஏறாது. எனவே ஒரு சிறு விசிறி அதைத் தள்ளிவிடுகிறது. செங்கல் தேவையில்லை, பிளாஸ்டிக் குழாய் போதும். கூரைக்குப் போக வேண்டியதில்லை, பக்கச் சுவர் வழியே வெளியே விடலாம். எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே இழுக்க இரண்டாவது குழாய் ஒன்று வைப்பார்கள். 20 கிலோவாட் ஃபர்னஸ் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் எரிய ஏறத்தாழ 18 கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு சிறிய படுக்கையறையில் உள்ள காற்று அவ்வளவுதான். அதை அறைக்குள்ளிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து எடுப்பது பெரிய பாதுகாப்பு.

சிக்கல் பொருத்துவதில் தொடங்குகிறது. புகைக்குழாய் ஃபர்னஸை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். அப்போதுதான் குழாயில் ஊறும் நீர் திரும்பி வந்து வடிகாலில் இறங்கும். நடுவில் குழாய் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கிப் புகையை அடைக்கும். அந்த நீரும் சாதாரண நீரன்று, புளிப்பானது. உலோக வடிகால்களை அரிக்கும். அதனால் சில இடங்களில் சுண்ணாம்புக்கல் நிரப்பிய சிறு கலம் வழியாக அதை விடுகிறார்கள். குழாயும் கடையில் வாங்கும் தண்ணீர்க் குழாயாக இருக்கக்கூடாது. கனடாவில் எஸ்636 என்ற தரச்சான்று பெற்ற குழாயும் அதற்குரிய பசையுமே பயன்படுத்த வேண்டும். சுவருக்கு வெளியே குழாயின் வாய் பனி குவியும் மட்டத்துக்கு மேலே, சன்னலிலிருந்தும் காற்று உள்ளே வரும் துளைகளிலிருந்தும் விதிப்படி விலகி நிற்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னோர் ஆபத்து உண்டு. முன்பு பழைய ஃபர்னஸும் நீர்ச்சூடேற்றியும் ஒரே புகைப்போக்கியைப் பகிர்ந்திருக்கும். ஃபர்னஸை மாற்றியதும் நீர்ச்சூடேற்றி தன்னந்தனியாக அந்தப் பெரிய புகைப்போக்கியில் மாட்டிக்கொள்ளும். அதன் சிறிய நெருப்பால் அத்தனை அகலமான வழியைச் சூடாக்க முடியாது; இழுவை குறைந்து புகை அறைக்குள்ளேயே வழியலாம். புத்தம்புதிய ஃபர்னஸைப் பார்த்து மனம் நிறைவதோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் நிற்கும் பழைய உருளையின் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

இழுவை தலைகீழாவதும் உண்டு. மெல்பர்னின் ஹைடல்பெர்க் ஹைட்ஸ் பகுதியில் 2017-இல் ஒரு பெண் தம் அடுக்குமாடி வீட்டில் கார்பன் மோனாக்சைடால் இறந்தார். அங்கிருந்தது அறைக் காற்றையே எடுத்துக்கொள்ளும் திறந்த வகை எரிவாயு சூடேற்றி. இறுக்கமாக அடைக்கப்பட்ட வீட்டில் சமையலறை, குளியலறை விசிறிகள் காற்றை வெளியே இழுக்கும்போது, புகைக்குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வந்து புகையையும் கூட்டி வந்துவிடும். மரண விசாரணையில் இந்த ஆபத்து விரிவாகப் பேசப்பட்டது. விக்டோரியா மாநிலத்தில் 2021 மார்ச் முதல், வாடகை வீட்டின் எரிவாயுக் கருவிகளை வீட்டுக்காரர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் செய்ய வேண்டும்.

வாடகைக்காரர் செய்யக்கூடியவை

இதையெல்லாம் நீங்களே பொருத்தவோ திருத்தவோ வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. ஒண்டாரியோவில் அந்த வேலைக்குத் தொழில்நுட்பத் தரப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் பெற்றவர் வேண்டும். பிரிட்டனில் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். (நம் நாட்டிலும் குழாய் எரிவாயு வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிந்த தகுதியாளர் வேண்டும்; தொழிற்கல்வி படிக்கும் மாணவர்கள் இந்தத் துறையைப் பற்றி விசாரிக்கலாம்.) உங்கள் வேலை கண்ணைத் திறந்து பார்ப்பதும் கேள்வி கேட்பதும்தான்.

வீடு மாறிய முதல் வாரத்திலேயே வெளிச்சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து, வெள்ளைக் குழாய்களின் வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ளுங்கள். குளிர்காலத்தில் அதிலிருந்து வெண்ணிற ஆவி வருவது இயல்பு. அது சன்னலை மறைக்கிறது, குளிர் உள்ளே வருகிறது என்றெல்லாம் எண்ணித் துணியைச் செருகியவர்களும் உண்டு. அதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை. மிதிவண்டியையோ குப்பைத் தொட்டியையோ அதன்முன் வைக்காதீர்கள். பனிப்புயல் ஓய்ந்ததும் வாசலைச் சுத்தம் செய்வதற்கு முன்பே குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். அடைப்பு ஏற்பட்டால் ஃபர்னஸைத் தானாக நிறுத்தும் அழுத்தச் சுவிட்சு இருக்கிறது. நடு இரவில் வீடு திடீரென்று குளிர்ந்தால் முதலில் போய்ப் பார்க்க வேண்டியதும் அந்தக் குழாயைத்தான்.

ஃபர்னஸ் அறையில் சாயமும் குளோரின் கலந்த சலவைப் பொருளும் வைக்காதீர்கள்; அவற்றின் ஆவி நெருப்புக்குள் போனால் வெப்பமாற்றியை அரித்துவிடும். அந்த அறைக் கதவில் சட்டங்கள் இருந்தால் சத்தம் வருகிறதென்று காகிதம் ஒட்டி அடைக்காதீர்கள். பழைய கருவி எரிவதற்கான காற்று அவ்வழியே போகலாம்.

பிரிட்டனில் வீட்டுக்காரர் ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை செய்து, அதன் பதிவு நகலைப் புதிய வாடகைக்காரர் குடியேறும் முன்பே தர வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் போன்ற கருவி உள்ள அறையில் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இரண்டையும் கேளுங்கள். வந்த புதிதில் வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒரு குறுஞ்செய்தி போதும். அவர் மழுப்பினால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லலாம்.

எச்சரிக்கைக் கருவி ஏற்கெனவே இருந்தால் பின்பக்கம் திருப்பிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. புகையைக் கண்டறியும் கருவி வேறு, இது வேறு. கூரையில் ஏதோ ஒரு வட்டக் கருவி இருக்கிறதென்று விட்டுவிடாதீர்கள். வட அமெரிக்கக் கருவிகள் காற்றில் பத்து இலட்சத்துக்கு 70 பங்கு என்ற அளவில் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் கழித்தே ஒலிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. எனவே தலைவலியோடு படுத்துக்கொண்டு, ஒலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எப்போதோ ஒருமுறை ‘கீச்’ என்று கேட்டால் மின்கலம் தீர்ந்திருக்கலாம். நான்கு முறை ஒலித்துச் சற்று நின்று மறுபடி நான்கு முறை ஒலித்தால், குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு உடன் இருப்பவர்களையும் எழுப்பி வெளியே வந்துவிடுங்கள். சன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்காராதீர்கள். அழைக்க வேண்டிய எண் கனடாவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. தீயணைப்பு வீரர்கள் அளவெடுத்து, போகலாம் என்று சொன்ன பிறகே வீட்டுக்குள் திரும்புங்கள்.