கித்தாவும் செம்பனையும்
மலாக்காவில் ஒரு மொழி இரண்டு வழி போன கதை

மலாக்காவின் ஜாசினில் காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால், "என்னண்ணே, பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். தோசையும் தேநீரும் முடித்து எழுந்தால், "அஞ்சு வெள்ளி அம்பது காசு" என்பார் கல்லாவில் இருப்பவர். சென்னையிலிருந்து வந்தவர் ஒரு கணம் விழிப்பார். கையில் இருப்பது காகித நோட்டு. இதில் வெள்ளி எங்கே?

வெள்ளி ஒரு காலத்தில் இருந்தது. ஸ்பானிய வெள்ளி நாணயம் இந்தக் கடற்கரை முழுக்கப் புழங்கியது. அதன் விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டிருந்ததால் மலாய்க்காரர்கள் 'ரிங்கிட்' என்றார்கள்; அந்தச் சொல்லுக்குப் பொருளே பல்வெட்டு என்பதுதான். தமிழர் உலோகத்தைப் பார்த்து 'வெள்ளி' என்றார்கள். ஒரே காசுக்கு ஒருவர் விரலால் தடவிப் பெயர் வைத்தார், இன்னொருவர் கண்ணால் பார்த்து வைத்தார். காசு போய்விட்டது. இரண்டு பெயரும் இன்றைய மலேசியப் பணத்துக்குப் புழக்கத்தில் இருக்கின்றன.

சொல் எப்போது நிற்கும், எப்போது போகும்? ஒரு சமூகம் எந்த நிலையில் தன் மொழியையே விட்டுவிடும்? மனிதர்களைக் கூண்டில் அடைத்து இதைச் சோதிக்க முடியாது. ஆனால் மலாக்காவில் அந்தச் சோதனை தானாகவே நடந்திருக்கிறது. தமிழ் இங்கே இரண்டு முறை பெருமளவில் கரையேறியது. முதலில் வணிகரோடு, பிறகு தோட்டத் தொழிலாளரோடு. முதலில் வந்த தமிழ் வீட்டுக்குள் மலாயாக மாறிவிட்டது. அடுத்து வந்த தமிழ் மலாய்ச் சொற்களைத் தின்றும் தமிழாகவே நின்றது.

தாயின் மொழியே தாய்மொழி

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த சில ஆண்டுகளில் இங்கே தங்கியிருந்த, அவர்களுள் ஒருவரான தோமே பீரெஸ், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்டதாக எழுதிவைத்தார். அந்தச் சந்தையில் தமிழுக்குப் பெரிய இடம் உண்டு. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லா, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாக்காவில் பிறந்தவர். அவரும் சிறுவயதில் தமிழ் படித்தார். வணிகமும் கணக்கும் தெரிய வேண்டிய பிள்ளைக்குத் தமிழ் தேவைப்பட்ட ஊர் இது.

ஆனால் கப்பலில் வந்த வணிகர்கள் பெரும்பாலும் ஆண்கள். இங்கேயே பெண்ணெடுத்தார்கள். பிள்ளை முதலில் கேட்டது அம்மாவின் மலாய். அப்பாவின் தமிழ் கடைத்தெருவில் இருந்தது. சில தலைமுறைகளில் அவர்கள் மலாக்கா செட்டிகள் என்ற தனிச் சமூகமானார்கள். காஜா பேராங்கில் அவர்களுடைய குடியிருப்பு இன்றும் இருக்கிறது. 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. பெயருக்குப் பின்னால் பிள்ளை உண்டு, படையாட்சி உண்டு. கல்யாணத்தில் தாலி உண்டு. தையில் பொங்கல் உண்டு. வீட்டுப் பேச்சு மட்டும் மலாய்.

அதுவும் பள்ளிக்கூட மலாய் அல்ல. 'பெசார்' (பெரிய) என்பது 'பெசா' ஆகும், 'சம்பாய்' (வந்துசேர்) 'சம்பே' ஆகும், 'பூலாவ்' (தீவு) 'பூலோ' ஆகும். 'என் வீடு' என்பதைப் பள்ளி மலாயில் 'ரூமா சாயா' என்பார்கள். வீடு முன்னால், நான் பின்னால். செட்டிகளின் மலாயிலோ 'சாயா புன்யா ரூமா'. உடையவர் முன்னால், உடைமை பின்னால். தமிழ் வரிசையும் இதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவசரப்பட்டு நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். சீன வழிவந்த பாபாக்களின் மலாயிலும் இதே அமைப்பு இருக்கிறது. சீன மொழியின் வரிசையும் அதுவே. பல மொழிக்காரர்கள் ஒரே சந்தையில் பேசிப் பேசி எல்லார் வாய்க்கும் எளிதான ஒரு வடிவம் திரண்டுவந்தது. இப்படித் திரண்டு, பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகவும் ஆகிவிட்ட பேச்சை மொழியியலார் கிரியோல் என்கிறார்கள்.

மொழி போனால் பண்பாடும் போய்விடுமா? மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் செட்டிகள் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: 'டத்தோ சச்சார்'. சச்சார் என்றால் மலாயில் பெரியம்மை நோய். தமிழில் 'அம்மை' என்ற ஒரே சொல் தாயையும் நோயையும் குறிக்கிறது. கும்பிடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மலாய்க்குப் போகும்போது அந்த முடிச்சு அவிழ்ந்தது. நோய் தன் பெயரோடு போய்ச் சேர்ந்தது. தாயின் இடத்தில் பெரியவரைக் குறிக்கும் 'டத்தோ' வந்து உட்கார்ந்தது. கும்பிடு மாறவில்லை, கும்பிடும் சொல்லுக்குள் இருந்த உறவு மாறிவிட்டது. மொரீஷியஸிலும் இதே கதை: ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, கோயிலில் காவடி இருக்கிறது, வீட்டில் பேசுவது கிரியோல்.

வணிகத் தமிழ் வெறுங்கையோடும் போய்விடவில்லை. மலாய்க்காரர் இன்று சொல்லும் 'கெடாய்' நம் கடை, 'காப்பால்' கப்பல், 'பெத்தி' பெட்டி, 'மோடால்' வியாபாரத்தில் போடும் முதல்.

காது வைத்த பெயர்கள்

தான் சாய் யான் என்ற சீன வணிகர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டங்களில் அது ஒன்று. பின்னாலேயே கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். இம்முறை பெண்களும் வந்தார்கள். லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பில் பக்கத்து வீடும் தமிழ், எதிர்வீடும் தமிழ், தோட்டத்து மாரியம்மனும் தமிழ். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் இருந்த தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. கொட்டகையானாலும் அதிலும் தமிழ். சேலத்துப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டுக்களத்தில் உரசி, யார் ஊர்ப் பேச்சும் அல்லாத ஒரு தோட்டத்துத் தமிழ் பிறந்தது.

அந்தத் தமிழுக்குப் புதுப் பொருள்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. மலாயில் 'கெத்தா' என்றால் மரப்பால், ரப்பர். தமிழ் வாயில் அது 'கித்தா' ஆனது. பால் வாளிகளைத் தோளில் தொங்கவிடும் கழிக்கு மலாயில் 'காண்டார்'. பேச்சில் கடைசி 'ர்' தேய்ந்துவிடும். 'பெசார்' செட்டி வீட்டில் 'பெசா' ஆனதும் இந்தத் தேய்வால்தான். காதில் விழுந்ததைத் தொழிலாளி அப்படியே எடுத்துக்கொண்டார்: காண்டா வாளி. எழுத்தைப் பார்த்துக் கடன் வாங்கியிருந்தால் அந்த 'ர்' வந்திருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது 'கம்பம்'. மலாயில் 'கம்போங்' என்றால் கிராமம். அந்த 'ங்' தமிழில் சொல்லின் கடைசியில் நிற்காது, 'ம்' ஆயிற்று. ஆன மறுகணமே அது மரம், குளம் போன்ற சொற்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்துகொண்டது. மரத்தில், குளத்தில் என்பதுபோலக் கம்பத்தில். மரத்து நிழல் என்பதுபோலக் கம்பத்து வீடு. யாரும் சொல்லித் தரவில்லை. வந்த விருந்தாளி வீட்டுப் பிள்ளையாகிவிட்டதற்கு இந்த 'அத்து' ஒன்றே சாட்சி. மலாய்ச் சொல் எத்தனை வந்தாலும் அவற்றைக் கட்டிய கயிறு தமிழ் இலக்கணம்தான். ஆகவே இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை, இது செரிமானம்.

பனைக்கு யார் பெயர் வைத்தது?

பிறகு ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட்டார்கள். மலாயில் அதற்குப் பெயர் 'கெலாப்பா சாவிட்'. கித்தாவைப்போல இதையும் காதால் கேட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மலேசியத் தமிழர் அதைச் 'செம்பனை' என்கிறார்கள். என்ன நடந்தது இடையில்? தோட்டப்பள்ளியில் படித்த தலைமுறை வளர்ந்திருந்தது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்கள் வீட்டுக்கு வந்தன, வானொலி பேசியது. கித்தாவுக்குப் பெயர் வைத்தது காது. செம்பனை ஏட்டில் வேரூன்றிய சொல்.

இப்போது லயங்கள் காலியாகிவிட்டன. செம்பனைக் குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் ஆலோர் காஜாவிலும் பாச்சாங்கிலும் வீடமைப்புப் பகுதிகளில் வளர்கிறார்கள். பக்கத்து வீடு மலாய், எதிர்வீடு சீனம், கைப்பேசியில் ஆங்கிலம். 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. இது மூன்றாவது சோதனை. முடிவு இன்னும் வரவில்லை.

முந்தைய இரண்டும் சொல்வது ஒன்றே. செட்டிகள் தமிழை வெறுத்து விடவில்லை, தோட்டத்தார் தூய்மை பேசிக் காக்கவும் இல்லை. அடுப்படி பிள்ளையோடு எந்த மொழி பேசியதோ அதுவே நின்றது. பேத்தி வாசலைத் தாண்டி ஓடும்போது பாட்டி கத்துகிறார்: "ஏ புள்ள, சடக்குல ஓடாத!" சடக்கு என்றால் சாலை, தமிழ்நாட்டுப் பாட்டி பெரும்பாலும் அப்படிச் சொல்ல மாட்டார். அகராதிக்காரர் அந்தச் சொல்லுக்காக முகம் சுளிக்கலாம். பேத்தி திரும்பிப் பார்த்து நின்றுவிடுகிறாள். அவளுக்குப் புரிந்தது தமிழ்.