பூனை நகம்: நுனியோடு நிறுத்துங்கள்

வங்காளத்தில் பூனை, பிள்ளைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் வாகனம். பூனைமேல் வீண்பழி போட்ட மருமகள் படும் பாட்டைச் சொல்லும் விரதக் கதையும் உண்டு. மதிலும் மாடியுமாகத் திரிந்த அந்தப் பூனை, இன்றைய கொல்கத்தாவில் பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. நகப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. “பிறாண்டிப் பிறாண்டி அதுவே தேய்த்துக்கொள்ளாதா?” என்று கேட்பார்கள். பிறாண்டினால் நகம் மழுங்குவதில்லை. பழைய மேலோடு கழன்று, இன்னும் கூரான நகம் வெளியே வருகிறது. ஓடியாடாத வயதான பூனைக்கு அந்த ஓடு சரியாகக் கழலாமல் தடிக்கும். முன்னங்காலின் உட்பக்கம், தரையில் படாத விரலின் நகம் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்திவிடுவதும் உண்டு. அப்படிக் குத்திவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். நகரில் 1893-இல் தொடங்கிய பெல்காச்சியா கால்நடைக் கல்லூரி இருக்கிறது.

அந்த நிலைக்குப் போகாமல் வீட்டிலேயே தடுக்கலாம். ரத்தம் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதே, ஆனால் ரத்தம் ஓடும் இடம் கண்ணுக்குத் தெரியும். விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். வெளிச்சத்தில் அதன் அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தமும் நரம்பும் உள்ள பகுதி. அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே, வளைந்த வெள்ளை நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நம் நகவெட்டியைப் பக்கவாட்டில் வைத்து அழுத்தினால் நகம் பிளக்கும். பூனைக்கென்று விற்கும் சின்னக் கத்தரியே நல்லது. தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் நிற்கும். பதினெட்டு நகத்தையும் ஒரே மூச்சில் முடிக்க நினைப்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. தூங்கி எழுந்த நேரத்தில் இரண்டு நகம், கூலியாக முள் நீக்கிய மீன் துண்டு, அன்றைக்கு அது போதும். மீன் வங்காளி வீட்டில் இல்லாமலா போகும்!

நகத்தை அடியோடு எடுத்துவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று: அந்த அறுவையில் போவது நகம் மட்டுமல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும்தான். நியூயார்க் மாநிலம் 2019-இல் அதைத் தடை செய்தது. தெருவுக்கும் வீட்டுக்கும் போய்வரும் பூனைக்கு நுனியைக்கூட வெட்ட வேண்டாம் என்பேன். நாய் துரத்தினால் மரமேற நகம் வேண்டும். அந்தப் பூனை கீறினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் பூனையிடமிருந்தும் வரும்.