விசுவாசம் யாருக்கு? : வீட்டு ஸ்டீரியோவும் 'மூலம்' என்னும் கற்பிதமும்

ஹை-ஃபிடலிட்டி என்கிற சொல்லுக்குள் ஒரு விசுவாசம் உட்கார்ந்திருக்கிறது. யாருக்கு என்று கேட்டால் 'மூலத்துக்கு' என்பார்கள். ஸ்டுடியோவில் ஒன்று நிகழ்ந்தது, அது நம் வீட்டு ஸ்பீக்கருக்கு வந்து சேர்வதற்குள் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திவிடுகிறது, சிந்தாமல் சேர்ப்பதே 'தரம்': ஒலிக்கருவிச் சந்தையின் பெருங்கதையாடல் இதுதான். ஆனால் பல தடங்களில், பல நாட்களில் பதிவாகி ஒட்டித் தைக்கப்பட்ட ஒரு பாட்டுக்கு 'நிகழ்ந்த கணம்' என்று ஒன்று ஏது? மிக்ஸிங் அறையின் ஸ்பீக்கரில்தான் அது முதன்முதலாக முழுசாக ஒலித்தது. மூலமே ஒரு மறுஒலிப்பு.

இதனால் எல்லாம் ஒண்ணுதான், எந்த டப்பாவில் கேட்டால் என்ன என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சிந்துவது உண்மை. சந்தை விரல் நீட்டும் இடமும் உண்மையில் சிந்தும் இடமும் வேறு வேறு என்பதே என் வாதம்.

முதலில் விரல் நீட்டும் இடம். 2014இல் அறிவிக்கப்பட்ட எம்.க்யூ.ஏ. என்னும் ஒலி வடிவத்தை டைடல் ஸ்ட்ரீமிங் சேவை 2017இல் ஏற்றுக்கொண்டது. கலைஞரோ தயாரிப்பாளரோ ஒப்புதல் தந்த பதிவு என்றால், அதற்கான கருவியின் முகப்பில் நீல விளக்கு எரியும். இயந்திர மறுஉற்பத்தி யுகத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்குவதைப் பற்றி வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். மங்கிய ஒளிவட்டத்தை எல்.இ.டி. பல்பாக்கி விற்றவர்கள் இவர்கள். இத்தனைக்கும் அந்த வடிவம் தகவலில் ஒரு பகுதியை இழந்துதான் சுருக்கியது. 2023இல் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போய் வேறு கைக்கு மாறியது. 2024இல் டைடல் அதைக் கைவிட்டது. காது கேட்பதைக் காது நம்பக்கூடாது, விளக்கைப் பார்த்து நம்பணும் என்கிற அந்த ஏற்பாடு மட்டும் என்னை இன்னும் உறுத்துகிறது.

அடுத்தது எண்கள். 1982இல் வந்த சி.டி.யின் அளவு 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள். 24 பிட், 1,92,000 மாதிரிகள் என்று இப்போது விற்கிறார்கள். மாதிரிகளுக்கு 'இடையில்' இசை தொலைந்துபோகிறது என்ற நம்பிக்கை பரவலானது. ஷானன் 1949இலேயே கணிதமாக நிறுவியது இதற்கு நேர்மாறானது. 20,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான ஒலியை முழுமையாகத் திருப்பிக் கட்ட அந்த 44,100 போதும். அதற்கு மேலே மனிதக் காது போவதில்லை. 2007இல் மேயரும் மோரனும் உயர்தரப் பதிவுகளைச் சி.டி. அளவுக்கு இறக்கி, எது எது என்று மறைத்துக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியானவை 276. நாணயம் சுண்டினாலும் இதேதான் வரும். 2016இல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சுமார் 52 சதவீதம் வந்தது. வேறுபாடு இருக்கலாம், இவ்வளவுதான் இருக்கலாம்.

பிட் கணக்கை என் அறையில் வைத்துப் பார்க்கிறேன். மின்விசிறி ஓடும்போது இங்கே சத்தம் 45 டெசிபலுக்குக் கீழே இறங்குவதில்லை. 16 பிட் தரும் வீச்சு 96 டெசிபல். அதன் மிக மெல்லிய ஒலி விசிறிக்கு மேலே கேட்கணும் என்றால் உச்ச ஒலி 141 டெசிபலில் வரணும். அது காது வலிக்கும் எல்லையையும் தாண்டியது. 24 பிட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் விசிறியை நிறுத்திப் பார்க்கலாம். சென்னை மே மாதத்தில் அதுக்கு வேறு விலை கொடுக்கணும்.

உண்மையில் சிந்தும் இடங்கள் அலுப்பூட்டுபவை. புளூடூத் அதில் ஒன்று. ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து இழப்பில்லாத பாட்டே வந்தாலும், போன் அதை மறுபடி சுருக்கித்தான் காற்றில் அனுப்பும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்.பி.சி. முறையில் சுமார் 328 கிலோபிட்டுக்குள். ஏற்கனவே சுருங்கி வந்த பாட்டு என்றால் சுருக்கத்தின் மேல் சுருக்கம். சுருக்குவது என்றால் என்ன? பலத்த ஒலி பக்கத்திலிருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும், மறைந்ததை எறிந்துவிடலாம் என்ற கணிப்பு. எம்பி3யை உருவாக்கிய காலத்தில் பிராண்டன்பர்க், சூசன் வேகா வாத்தியமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு அந்தக் கணிப்பைச் சரிசெய்தார் என்பது தெரிந்த கதை. நமக்கு எது கேட்காது என்பதை ஒரு ஜெர்மன் ஆய்வகம் நம் சார்பில் முடிவு செய்திருக்கிறது. பெரும்பாலும் சரியாகவே செய்திருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. 320 கிலோபிட்டில் வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் அபூர்வம். ஆனால் அந்த முடிவை வழியில் இரண்டு முறை எடுக்கவிட வேண்டியதில்லை. வைஃபை வழியாக நேரே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரீமர் இருந்தால் போன் வெறும் ரிமோட் ஆகிவிடும். இல்லை, ஒரு சின்ன யூ.எஸ்.பி. டி.ஏ.சி.யும் சாதாரண வயரும் போதும். விலையுயர்ந்த டிஜிட்டல் கேபிளால் 'தெளிவு' கூடாது. பிட்டுகள் வராவிட்டால் பாட்டு டிக்கென்று விக்கும், அறுந்து நிற்கும், மங்கலாக வராது.

இதைவிடப் பெரியது அறை. மொசைக் தரை, கான்கிரீட் கூரை, வெறுஞ்சுவர். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால் கணீரென்று திரும்பி வருவது, பாட்டிலும் அப்படியே கலந்து வரும். தடித்த திரை, தரையில் ஒரு ஜமுக்காளம், புத்தகங்கள் திணித்த அலமாரி (சிறுபத்திரிகைக்காரர்கள் வீட்டில் அதுக்குப் பஞ்சமில்லை) இவை செய்வதை எந்த டி.ஏ.சி.யும் செய்யாது. ஸ்பீக்கரை மூலையில் ஒட்டிவைத்தால் பேஸ் வீங்கும். சுவரிலிருந்து இரண்டடி நகர்த்தி, கேட்கும் காதுக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரம் வைத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வந்தால் பாடகர் நடுவில் வந்து நிற்பார். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு வயர் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். நான் போன வீடுகளில் மூன்றில் இதைப் பார்த்தேன், மூன்றிலும் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

கடைகளில் ஒப்பிட்டுக் காட்டும்போது சத்த அளவைக் கவனியுங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது, கூடுதல் சத்தமாகத் தெரியாது, 'நல்லா இருக்கே' என்றுதான் தெரியும். பதிவு நிறுவனங்கள் இதைத்தான் பல ஆண்டுகள் செய்தன. மெல்லியதையும் உரத்ததையும் ஒரே உயரத்துக்குத் தட்டி நிரவி, பாட்டையே சுவராக்கினார்கள். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' 2008இல் சி.டி.யாக வந்தபோது ஒலி நசுங்கிப்போயிருந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டுக்கு அந்த நசுக்கலுக்கு முந்தைய நிலையில் போயிருந்தன. ரசிகர்கள் விளையாட்டிலிருந்து பாட்டை உருவியெடுத்து, அதிகாரபூர்வ சி.டி.யை ஓரமாக வைத்துவிட்டு அதைக் கேட்டார்கள்.