“நேரம் இருந்தால்”: ஒரு கோரிக்கை மனுவும் ஒரு திருத்தமும்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் சிவில் பிரிவு மாணவன் என்ற முறையில் சிமெண்டைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு இரண்டு வார்த்தையிலேயே போய் நின்றது. “நேரம் இருந்தால்” என்பதே அந்த இரண்டு வார்த்தை.

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம். வரப்பில் நின்றால் பெரிய கோயில் விமானம் தெரியும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். ஆயா முந்திரிக்கொட்டை உடைப்பவர். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் வெந்து, ரேகையே தேய்ந்துவிட்டது. அவர் கைநாட்டு வைத்தால் வெறும் மை வட்டம்தான் விழும்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாய் கேட்டுக் கிராமசபைக்குப் போனார்கள். “எழுதிக்கிறோம், கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க” என்றார்கள். பிறகு பார்த்தால் தீர்மானத்தில் வேறு தெருவின் பேர் இருந்தது. கீழே சாட்சியாக ஆயாவின் மை வட்டம்.

எனக்குப் பதினெட்டு வயது முடிந்து வாக்காளர் பட்டியலில் பேர் வந்தது. 1994-ஆம் வருட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, பட்டியலில் பேர் உள்ள எல்லாரும் கிராமசபை உறுப்பினர்கள். யாரும் நம்மை நியமிக்க வேண்டியதில்லை. கூட்டம் செல்ல எத்தனை பேர் வரவேண்டும் என்பதற்கும் 1998-ஆம் வருட விதிகளில் கணக்கு இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இதெல்லாம் படித்த தைரியத்தில் நான் ஒரு மனு எழுதினேன். தெருவில் அறுபதுக்கு மேல் கையெழுத்து, கைநாட்டு சேர்ந்தது.

கேட்டது இரண்டே விஷயம். தீர்மானத்தை நோட்டில் எழுதி, சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். மனுக் கொண்டு வந்தவர்களுக்கு முதலில் பேச இடம் கொடுக்க வேண்டும். சட்டத்தை மாற்றக் கிராமசபைக்கு அதிகாரம் கிடையாது, அது சட்டமன்றத்தின் வேலை. ஆனால் சட்டத்துக்கு முரண் இல்லாத நடைமுறையை ஊரே வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் எங்கள் எண்ணம்.

கூட்டத்தில் மனுவை நானே வாசித்தேன். கால் நடுங்கியது என்பதை மறைப்பானேன். ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி நல்லாத்தான் கேக்குது. நேரம் இருந்தால் வாசிக்கலாம்னு சேத்துக்குங்க” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்! மனு நிறைவேறியது. அடுத்த கூட்டத்தில் நேரம் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. மக்கள் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்த வாசகத்தைக் கூட்டத்தில் இருப்பவர்கள் மாற்றலாமா?

மாற்றவே கூடாது என்று சொல்லிவிட முடியவில்லை. எங்கள் முதல் நகலில் ஒவ்வொரு தீர்மானத்தையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும் என்று இருந்தது. அப்படி நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். அம்மா சொன்ன பிறகுதான் அடித்தேன். அதோடு, மனுவில் கையெழுத்துப் போடாதவர்களுக்கும் ஊரில் பாத்தியதை உண்டு.

சுவிட்சர்லாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1891 முதல் மக்களே கையெழுத்துச் சேர்த்து அரசியல் சட்டத்தில் திருத்தம் கேட்கலாம். அன்று 50,000 கையெழுத்து தேவைப்பட்டது. இன்று 18 மாதத்துக்குள் 1,00,000 சேர்க்க வேண்டும். திருத்தத்தை வாசகமாகவே எழுதிக் கொடுத்துவிட்டால், நாடாளுமன்றம் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. வேண்டாம் என்று மக்களுக்குச் சிபாரிசு செய்யலாம். அல்லது தன்னுடைய மாற்று வாசகத்தைத் தனியாகப் பக்கத்தில் வைக்கலாம். 1987-இல் வந்த மாற்றப்படி இரண்டுக்குமே சரி என்று வாக்களிக்கலாம், இரண்டும் ஜெயித்தால் எது வேண்டும் என்று மூன்றாவது கேள்வியும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1903-இலேயே மனு மூலம் நகரச் சட்டம் கொண்டுவரும் உரிமையைத் தன் சாசனத்தில் எழுதிக்கொண்டது. நம் நகரங்களுக்குச் சாசனம் என்றால் சட்டமன்றம் இயற்றிய 1998-ஆம் வருட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம்தான். பகுதி சபையில் பேசலாம், ஆனால் கையெழுத்துச் சேர்த்து அதில் ஒரு வரியை மாற்ற வழியில்லை.

சாசனம் என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. ராஜேந்திரன் எங்கள் ஊர்ப்பக்கம் தலைநகர் கட்டுவதற்கு ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இல் அந்த ஊர்ச் சபை குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டியது. இரண்டே வருஷத்தில், 921-இல், விதிகளைத் திருத்தித் திரும்பவும் வெட்டினார்கள். உறுப்பினர் வயது 30 முதல் 60 என்று இருந்தது 35 முதல் 70 ஆயிற்று. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை என்பதும் அதில் உண்டு. கல்லில் வெட்டியதையே திருத்தியிருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் பெருமைப்படும்போதே ஒன்று உறுத்துகிறது. வரி கட்டும் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு முன்னோர் யாரும் அந்தச் சபை வாசலில்கூட நின்றிருக்க மாட்டார்கள். ஆயா இன்று உறுப்பினர். அந்த இடத்தை இரண்டு வார்த்தைக்கு விட்டுக்கொடுப்பதா?

ஆகவே புது மனு தயார் செய்திருக்கிறேன். மக்கள் மனுவில் யாராவது திருத்தம் சொன்னால் அதைத் தனியாக எழுத வேண்டும். முதலில் மூல வாசகத்துக்குக் கை தூக்க வேண்டும், பிறகு திருத்தத்துக்கு. மனுக்காரர்கள் சம்மதித்தால் மட்டும் இரண்டையும் சேர்க்கலாம்.

ராத்திரி ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்திரியை உடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

“சரிய்யா. இதுலயும் ‘நேரம் இருந்தால்’னு சேக்கச் சொன்னா என்னா பண்ணுவ?” என்றார்.

“இந்தத் தடவ நான் கை தட்ட மாட்டேன் ஆயா” என்றேன். மை டப்பாவை எடுத்து வரச் சொன்னார்.