ஊர்ப்பணியும் ஒரு நூல்நிலையமும்

ஊருக்கு உழைத்தவர் என ஒருவரைப் போற்றுமிடத்து, அவர் செய்த செயல்களை எண்ணிக் காட்டுவதே எம்மவர் வழக்கம். கிணறு தோண்டினார், மடம் கட்டினார், சங்கத்துக்குத் தலைமை தாங்கினார் என அக்கணக்கு நீளும். அச்செயல்கள் அவருக்குப் பின்னும் நின்று பயன் தந்தனவா எனக் கேட்போர் மிகச் சிலரே. ஊர்ப்பணியை அளத்தற்கு ஏற்ற கோல் அவ்வினாவே என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்பொருட்டு, யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற உத்தியோகத்தராய் இருந்துகொண்டே நகருக்கு ஒரு நூல்நிலையம் அமைய வித்திட்ட திரு. க. மு. செல்லப்பா அவர்களின் தொண்டினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அச்சு நூல்கள் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியன அல்ல. ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார். சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். எனினும், அச்சேறிய நூல்கள் பெரும்பாலும் பண்டிதர்கள் வீட்டுப் பெட்டகங்களிலும் செல்வர் மனைகளிலுமே தங்கின. அவ்வீட்டாரோடு உறவோ பழக்கமோ உள்ளவனுக்கே அவை எட்டும். அன்றியும், நூலைத் தொகுத்தவர் கண்மூடியபின் அத்தொகுதி பிள்ளைகளிடையே பிரிந்து சிதறும். கற்பார் இல்லாத வீடாயின் கறையான் அதனை ஏற்றுக்கொள்ளும். கல்வியிற் சிறந்த நாடெனப் பெயர்பெற்ற எம் நாட்டில், ஏழை மாணவன் ஒருவன் உரிமையோடு சென்று ஒரு நூலைக் கேட்டு வாங்கத்தக்க இடம் அரிதாகவே இருந்தது.

இக்குறையை உணர்ந்த செல்லப்பா அவர்கள் 1933ஆம் ஆண்டில் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவலாக வழங்கத் தொடங்கினார். அம்மட்டில் அவர் அமைந்திருப்பின், நல்ல மனமுடைய அயலவர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்திருக்கும். அவர் காலத்தோடு அத்தொண்டும் முடிந்திருக்கும். அவரோ, யாழ்ப்பாணத்துக்கு இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று வேண்டுமெனப் பொதுமக்களுக்கு விண்ணப்பம் விடுத்தார். அதன் பயனாக 1934ஆம் ஆண்டில் ஒரு குழு அமைந்தது. நீதிபதி சி. குமாரசுவாமி தலைவராகவும், செல்லப்பா காரியதரிசியாகவும் பொறுப்பேற்றனர். தாம் தொடங்கிய பணிக்குப் பிறிதொருவரைத் தலைவராக ஏற்று, எழுத்துவேலையும் அலைச்சலும் மிகுந்த பதவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டமை கருதத்தக்கது.

1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியில், வாடகைக்குப் பெற்ற ஓர் அறையில் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அன்று இருந்த நூல்கள் 844. பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் முப்பது வரையில் இருந்தன. 1935ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. இடைப்பட்ட காலம் ஐந்து திங்களே.

இக்கைமாற்றமே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்போம். நகரசபையின் கைக்கு வந்த ஒரு நூல்நிலையத்துக்கு வாடகையும் வேதனமும் வரிப்பணத்திலிருந்து கிடைக்கும். நூல்கள் பதிவேட்டில் ஏறும். குறை நேரின் வரிகொடுப்போன் எவனும் சபையைத் தட்டிக் கேட்கலாம். இரவல் பெறுவோன் ஒருவருடைய தயவை நாடி வாயிலில் நிற்கவேண்டியதில்லை. தன் நகரின் உடைமையைத் தான் பயன்படுத்துகின்றான். தம் இல்லத்துப் பணியைக் குழுவுக்கும், குழுவின் பணியை நகருக்கும் ஈந்தமையால், செல்லப்பா அவர்கள் தம்மையே அப்பணிக்கு இன்றியமையாதவர் ஆக்கிக்கொள்ளாது காத்தனர்.

உரிமை நகரினது ஆயினமையால் வளர்ச்சியும் நகரின் கடனாயிற்று. 1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாக, அதன் முதல் மேயரான சாம் சபாபதி காலத்தில் புதிய கட்டடத்துக்கான முயற்சி உருப்பெற்றது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லோங் அடிகளார் அதற்குப் பெருந்துணை நின்றார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை நல்க, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திட்டம் வரைந்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆந் திகதி, மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்து வைத்தார். சைவரும் கிறித்தவரும், ஈழத்தவரும் பிறநாட்டவரும் தோள்கொடுத்த பணி அது.

844 நூல்களோடு தொடங்கிய அந்நிலையத்தில், 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி அவை தீக்கிரையாக்கப்பட்டன. அக்கொடுமையை விரித்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கருதவேண்டியது பிறிதொன்று. ஒரு தனிமனிதரின் வீட்டுத் தொகுதி அவ்வாறு எரிந்திருப்பின், அயலார் வந்து துக்கம் விசாரித்து அகன்றிருப்பர். எரிந்தது நகரின் உடைமை ஆதலின், ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு எரிந்ததாக உணர்ந்தது. போரினால் மேலும் சிதைந்த அக்கட்டடத்தின் மீளமைப்பு 1998இல் தொடங்கியது. 2004இல் நூலகம் மீண்டும் வாசகருக்குத் திறந்தது. அழிந்த சுவடிகள் மீளவில்லை; ஆனால் நூல்நிலையம் மீண்டது. வாரிசு எனச் சிலர் மட்டும் இருந்திராது, நகர் முழுதுமே வாரிசாய் இருந்தமையே அதற்குக் காரணம்.

எம் ஊர்களில் வாசிகசாலை தொடங்கும் ஆர்வத்துக்கு என்றும் குறைவில்லை. ஆயினும், தொடங்கியவர் மாற்றலாகிக் கொழும்புக்குப் போனவுடன், அல்லது கடல்கடந்து சென்றவுடன், கதவு பூட்டப்பட்டுத் திறப்பு யாரிடம் உள்ளதெனத் தெரியாது கிடந்தவற்றையும் நாம் கண்டிருக்கின்றோம். அங்கே இல்லாதிருந்தது பணமன்று. பதிவேடும், வரவுசெலவுக் கணக்கும், அடுத்துப் பொறுப்பேற்பாரும் இல்லாதிருந்தமையே குறை.

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று ஊர்தோறும் சங்கங்களிலும் சபைகளிலும் பணியாற்றுகின்றனர். யூபிலி ஆண்டில் பெருமைகளை நினைவுகூர்தல் தக்கதே. அத்தோடு, அவர்கள் ஒவ்வொருவரும் தாம் பொறுப்பேற்ற பணியை நோக்கி, நாளை நாம் இல்லையாயின் இதன் திறப்பு யார் கையில் இருக்கும் என வினாவுதலும் வேண்டும். அவ்வினாவுக்கு விடையாக ஊரவர் அனைவரையும் சுட்டிக்காட்ட வல்லவரே ஊர்ப்பணியாளர் என்னும் பெயருக்கு உரியவராவர்.