எழுதிக்கோ கண்ணு!

வட மாவட்டம் ஒன்றில், மருத்துவக் கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடக்கூடிய கிராமம். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டோடு இரண்டு மாணவர்கள் வந்து நின்றார்கள். கையில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட ஆறு பக்கப் படிவம். ஒருவன் பெயரைத்தான் கேட்டான். அந்த அம்மா கையை நிறுத்தவில்லை.

“எழுதிக்கோ கண்ணு. வூட்டுல அஞ்சு பேரு. தளம் போட்ட வூடு, ரெண்டு ரூமு. காஸ் அடுப்பு. கக்கூஸு இருக்குது, மாமனாரு மட்டும் போவ மாட்டாரு. எனக்கு சுகர் இல்ல, பிரஷர் இருக்குது. வருமானம் கேப்ப, பன்னெண்டாயிரம்னு போட்டுக்கோ.”

மாணவன் மூன்றாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் ஐந்தாம் பக்கத்தில் இருந்தார். எல்லாம் முடிந்ததும் அவர் ஒன்று கேட்டார். “முட்டி வலி ஒரு வருசமா. அதுக்குக் கட்டம் இல்லியா இதுல?” இல்லை.

பிளஸ் டூ ரிசல்ட் நேரத்தில் இந்தப் பக்கத்துக்கு என்னிடம் கேட்கப்பட்டது ஒரு வேலைவாய்ப்புக் கட்டுரை. டாக்டருக்குப் படித்துவிட்டு ஊசி போடாமல் பேராசிரியர் ஆகலாமா? தாராளமாக ஆகலாம். எம்.பி.பி.எஸ்., அதன்மேல் சமுதாய மருத்துவத்தில் மூன்று வருட எம்.டி., பிறகு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். (சமுதாய மருத்துவத்தைப் பழைய டாக்டர்களிடம் எஸ்.பி.எம். என்று சொன்னால்தான் புரியும்.) ஆய்வுப் பக்கம் போக விரும்பும் பல் மருத்துவர்கள், சித்த மருத்துவர்கள், நர்சிங் முடித்தவர்களுக்குப் பொது சுகாதார முதுநிலைப் படிப்பான எம்.பி.எச். இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் அதை 1997-லேயே தொடங்கிவிட்டது. நடுராத்திரியில் போன் அடிக்காது. வேலைவாய்ப்புப் பகுதி இத்தோடு முடிந்தது. என் மனம் அந்தத் திண்ணையைவிட்டு நகர மறுக்கிறது.

அந்த மாணவர்களைத் திண்ணைக்கு அனுப்பிய சமுதாய மருத்துவத் துறை மருத்துவக் கல்லூரிகளில் இருக்கவேண்டும் என்று 1946-இல் சொன்னது போர் கமிட்டி. யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தலைவரின் பெயர் ஜோசப் போர். டாக்டராகப் போகிறவன் நோயாளியைக் கட்டிலில் மட்டுமல்ல, அவனுடைய வீட்டிலும் பார்த்துப் பழகவேண்டும் என்பது எண்ணம். இன்றைக்கு நல்ல ராங்க் எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை. முதுநிலையில் நிரம்பாமல் கிடக்கும் இடங்களில் நோயாளியைத் தொடாத துறைகளே அதிகம். காலி இடங்களை நிரப்ப 2023-இல் நீட் கட் ஆஃபைப் பூஜ்யம் பெர்சன்டைல் வரை இறக்கினார்கள். விரும்பி வருகிறவர்களும் உண்டு, அவர்களைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் வந்து சேர்ந்ததும் அவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் கணக்கு வேறு.

2022-இல் வந்த விதி, இணைப் பேராசிரியராக இரண்டு ஆய்வுக் கட்டுரை, பேராசிரியராக மொத்தம் நான்கு என்று கேட்டது. அதிலும் ஆசிரியர் வரிசையில் முதல் மூன்று பேருக்குள் பெயர் இருக்கவேண்டும், இல்லையென்றால் கட்டுரைக்குப் பொறுப்பாளராக இருக்கவேண்டும் என்றும் சொன்னது. ஆக, ஒரு கட்டுரைக்கு நான்கு பேர் முட்டிமோதுகிறார்கள். சீக்கிரம் முடிக்கச் சுருக்கு வழி, கே.ஏ.பி. ஸ்டடி. ‘தெரியுமா, என்ன நினைக்கிறீர்கள், செய்கிறீர்களா’ என்று மூன்று அடுக்குக் கேள்வி. கையருகே கிடைப்பவர்கள் நர்சிங் மாணவிகள்; அவர்கள் தீர்ந்துவிட்டால் பீடி சுற்றும் அம்மா.

வருமானம் கேட்பதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. குடும்பத்தின் வசதியை அளக்க இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பிரசாத் போட்டது 1961-இல், குப்புசாமி போட்டது 1976-இல். விலைவாசி ஏற ஏற இவற்றின் வருமான வரம்புகளைத் திருத்தவேண்டும். அப்படித் திருத்துவதே தனிக் கட்டுரையாக வெளிவருகிறது. பன்னிரண்டாயிரத்தை ஐந்தால் வகுத்தால் தலைக்கு 2,400. அந்த அம்மா எந்த வகுப்பு என்று மாணவன் குறித்துக்கொண்டான். முட்டி அப்படியேதான் இருக்கிறது.

கட்டாயம் இல்லாவிட்டால் யாருமே ஆய்வு செய்ய மாட்டார்கள் என்று ஒரு வாதம் சொல்கிறார்கள். இருக்கலாம்.

பெயர் போடவேண்டாம் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சொன்னது: “தீசிஸுக்காக 400 வீடு ஏறினேன். ரத்தசோகைன்னு தெரிஞ்ச பொண்ணுங்களுக்கு இரும்பு மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வைவா முடிஞ்சுது. அப்புறம் அந்தத் தெருப் பக்கம் நான் போகவே இல்ல சார். மாத்திரையைச் சாப்பிட்டாங்களான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.” அந்தப் படிவக் கட்டுகள் துறையின் பீரோவில் இருந்ததாகவும், பிறகு கரையான் வந்ததாகவும் சொன்னார்.

இதே மாதிரி வீடு வீடாக ஏறித்தான், இதே தமிழ்நாட்டில், உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றினார்கள். டி.பி. என்றால் சானடோரியம், படுக்கை, நல்ல காற்று, முட்டை, பால் என்றிருந்த காலம். அந்தப் படுக்கை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1956-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை ஆய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் வீட்டில். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு, இடம் நெருக்கடி. பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். கூட வசித்தவர்களுக்கு அதனால் நோய் அதிகம் பரவவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

அந்த ஆய்வின் கேள்வி நோயாளியின் கஷ்டத்திலிருந்து பிறந்தது. கேட்டவர்கள் ஐந்து வருடம் திரும்பத் திரும்ப அதே வீடுகளுக்குப் போனார்கள். இன்றைய படிவங்களில் நான் காணாதது அந்த இரண்டாவது நடைதான்.

இப்போது எம்.பி.பி.எஸ். முதல் வருடத்திலிருந்தே மாணவர்கள் சில குடும்பங்களைத் ‘தத்தெடுத்து’, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடாமல் இருந்தால். பீடி சுற்றும் அம்மாவின் தெருவில் ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு அறுவத்தெட்டு வயசு. இந்தப் புள்ள என்னைத் தத்து எடுத்திருக்குதாம்!”

மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருந்து, கோட்டுப் போட்ட பிள்ளைகள் வந்தால், தண்ணீர் கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள், கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன், போன வருடம் எழுதிக்கொண்டு போனதில் என்ன தெரிந்தது என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.