தளர்ந்த கம்பியும் தகர்ந்த பாலமும்

ஒரு தேசத்தின் வர்த்தகம் எத்தனை விசாலமான சமுத்திரங்களைக் கடந்து வந்தாலும், இறுதியில் அது ஒரு குறுகிய நீர்வழியாகவே துறைமுகத்துக்குள் பிரவேசிக்க வேண்டியிருக்கிறது என்பதை, 2024-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி அதிகாலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பெருந்துயரத்தோடு உணர்ந்தது.

கொழும்பை நோக்கிப் புறப்பட்ட 'டாலி' என்னும் சுமார் 300 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டகக் கப்பல், படாப்ஸ்கோ நதியில் மின்சாரத்தை இழந்து, சுக்கானுக்கு அடங்காமல் போய், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதவே, பாலம் சில விநாடிகளில் சரிந்து வீழ்ந்தது. கப்பலிலிருந்த பைலட்டுகளின் அபாய அறிவிப்பினால் இரு முனைகளிலும் வாகனங்கள் நிறுத்தப்பட்டு எத்தனையோ உயிர்கள் தப்பின. ஆயினும், பாலத்தின் மேல் சாலைக் குழிகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு அந்த எச்சரிக்கை உரிய சமயத்தில் எட்டாமையால் அறுவர் மாண்டனர்.

மின்கம்பி ஒன்றின் நுனியில் அடையாளத்துக்காக மாட்டியிருந்த சிறு உறை, கம்பியை இணைப்பில் முழுவதும் பொருந்தவொட்டாமல் தடுத்ததே முதல் மின்தடைக்குக் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025-இல் கண்டறிந்தது. ஆனால், கம்பியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் திருப்தியடைவது தர்மமாகாது. 1980-இல் ஃபுளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தைக் கப்பலொன்று மோதி 35 பேர் உயிரிழந்த பின், அங்கே எழுந்த புதிய பாலத்தின் தூண்களைச் சுற்றிப் பலத்த காப்பரண்கள் அமைக்கப்பட்டன. அதே ஆண்டில் கீ பாலத்தையும் ஒரு கப்பல் இடித்தது, சேதம் சொற்பமாயிருந்தது. அதன் பின் கப்பல்கள் பன்மடங்கு பெருத்தன. தூண்களின் பாதுகாப்போ அவற்றுக்கு ஈடாக வளரவில்லை. 19 மாநிலங்களில் 68 பாலங்களின் அபாய நிலையைக் கணிக்குமாறு அந்த வாரியம் வேண்டிக்கொண்டது, விபத்து நேர்ந்து ஏறக்குறைய ஓராண்டு கழிந்த பிறகுதான்.

இடிபாடுகளால் அடைபட்ட துறைமுக வழியை மீட்பதில் அமெரிக்கர்கள் காட்டிய தீரம் போற்றத்தக்கதே. இடிபாடுகளுக்கு அருகே முதலில் ஆழம் குறைந்த தற்காலிக வழிகளைத் திறந்து, பின்னர் படிப்படியாக ஆழமான வழிகளை அமைத்து, ஏறக்குறைய 50,000 டன் இரும்பையும் கான்கிரீட்டையும் அகற்றி, ஜூன் 10-ஆம் தேதி 700 அடி அகலமும் 50 அடி ஆழமும் உள்ள பழைய வழியை முற்றிலும் மீட்டனர். இடைக்காலத்தில் நார்ஃபோக், நியூயார்க் முதலிய துறைமுகங்கள் சரக்குகளை ஏற்றுக்கொண்டன. பாலத்துக்கு வெளியே, கடல் பக்கமாக இருந்த ஸ்பாரோஸ் பாயின்ட் முனையம் தடையின்றி இயங்கியது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி இருக்க வேண்டும் என்னும் விவேகமே வர்த்தகத்தைக் காத்தது.

சரக்குக்கு மாற்று வழி உண்டு. மனித உயிருக்கு இல்லை. ஆகையால் ஒரு தேசத்தின் கடல் போக்குவரத்துக்கு உண்மையான பலம், வீழ்ந்த பின் விரைந்து எழுவதில் மாத்திரம் இல்லை. கம்பியின் இணைப்பையும், தூணின் காப்பையும், பாலத்தில் வேலை செய்யும் கடைசித் தொழிலாளிக்கு எச்சரிக்கை எட்டும் மார்க்கத்தையும் விபத்துக்கு முன்பே சோதித்து வைப்பதில்தான் இருக்கிறது.